மூன்றாம் அறையில் மா

மேடை வெறுமையாகக் கிடந்ததைக் கண்டதும் எனக்கு முதலில் வந்தது கோபம். பயம் பிறகுதான் வந்தது. என் சுபாவம் அப்படி.

கோபம் என் கணவர் ராசன் மேல். அன்று விடியற்காலை அந்த அறையைக் கூட்டித் துடைத்துவிட்டுப் போனவர் அவர்தான். முந்தின நாள் அந்த மேடை முழுக்க வெள்ளையாக மா பரவிக் கிடந்ததை என் இரண்டு கண்ணாலும் பார்த்திருந்தேன். சமையலுக்கு வைத்த மா இல்லை அது. ஜப்பானிலிருந்து வந்த ஒரு கலைஞரின் படைப்பு. மாலையில் கண்காட்சி திறக்கப்போகிறது. இப்போது பார்த்தால் ஒரு பொட்டு மா இல்லை. கறுப்பு அரக்கு பூசிய பலகையில் என் முகம்தான் தெரிந்தது, அதுவும் நன்றாக இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இல்லாவிட்டால் எனக்கே குழம்பிவிடும்.

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் ஒரு சிறிய கலைக்கூடத்தில் நான் காவல் வேலை பார்க்கிறேன். காவல் என்றால் துவக்கு, தொப்பி ஒன்றும் இல்லை. கறுப்பு உடுப்பு, கழுத்தில் பிளோறன்ஸ் என்று பெயர் அட்டை, அறை மூலையில் ஒரு கதிரை. படங்களுக்குக் கிட்டப் போகிறவர்களைத் தள்ளி நிற்கச் சொல்ல வேண்டும். கழிப்பறை எங்கே என்று கேட்பவர்களுக்குக் கை காட்ட வேண்டும். இரண்டாவது வேலைதான் அதிகம். கூரையிலிருந்து தொங்கிய பழைய சைக்கிள் டயர்களைக் காவல் காத்திருக்கிறேன். ஒரு கோடை முழுக்க, உருகிக்கொண்டே இருந்த மெழுகுக் கதிரை ஒன்றைக் காவல் காத்தேன். உருகுகிற சாமானை எப்படிக் காவல் காப்பது என்று யாரும் சொல்லித்தரவில்லை. இதெல்லாம் கலையா என்று கேட்பதை வந்த வருடமே விட்டுவிட்டேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிந்தால் எனக்குப் போதும்.

ராசனை இங்கே கொண்டுவந்து சேர்த்ததும் நான்தான். நீண்டகாலம் பாண் சுடுகிற தொழிற்சாலையில் நின்றவர், முதுகில் ஒப்பரேஷன் செய்த பிறகு வீட்டோடு இருந்துவிட்டார். இருந்துவிட்டார் என்றால் உண்மையாகவே இருந்துவிட்டார். சோபாவில் அவர் இருக்கிற இடத்தில் குழி விழுந்தது. சவரம் செய்வதை விட்டார். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு வருவதை விட்டார். நான் கேட்பதற்கு மட்டும் பதில் வரும், அதுவும் ஒரே பதில். தேத்தண்ணி போடட்டோ? ஓம். டொக்டரிட்டை போனனீங்களோ? ஓம். போயிருக்க மாட்டார். டொச்சிலும், இந்த நாட்டு ஜெர்மன் பாஷையிலும், அவருக்கு அதே சொல்தான் கைவசம்: யா. பாண் தொழிற்சாலையில் அந்த ஒரு சொல்லை வைத்தே காலத்தை ஓட்டியவர்.

கலைக்கூடத்தைத் துப்புரவு செய்யும் கொம்பனிக்கு விடியற்காலை வேலைக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு நான்தான் போய்க் கதைத்தேன். பாரம் தூக்கத் தேவையில்லை, நிலம் துடைத்தால் போதும். போய் மூன்றாவது கிழமையிலேயே மனிதர் மாறத் தொடங்கினார். தினமும் சவரம். மாடிப்படியில் ஏறும்போது விசில். ஒருநாள் வேலையால் வந்தவர், "அந்தப் பச்சைப் படத்துக்குக் கீழ ஒரு சிலந்தி வலை கட்டியிருக்கு. நான் அதைத் தொடேல்லை. அதுவும் ஆரின்ரையாவது கலையோ தெரியாது" என்றார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஒப்பரேஷனுக்குப் பிறகு அவர் எனக்குச் சொன்ன முதல் பகிடி அது. அன்று குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் அழுதும் கொண்டேன்.

இந்த வேலையும் போனால் மனிதர் திரும்ப அந்தச் சோபாக் குழிக்குள் போய்விடுவார். இரண்டாம் முறை அதிலிருந்து எழும்ப மாட்டார். பயம் என்று நான் சொன்னது இதைத்தான்.

இனிக் கண்காட்சிக்கு வருகிறேன். அதன் பெயர் மா. ஒரு மாதமாக ட்ராம் தரிப்புகளில் எல்லாம் 'MA' என்று இரண்டே எழுத்தில் பெரிய பெரிய சுவரொட்டி. கீழே சின்னதாக, நேற்றுக்கும் இன்றைக்கும் நடுவே ஜப்பான் என்று டொச்சில் ஒரு வரி. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்திக்கு மா என்றால் என்ன? அரிசிமா, கோதம்பமா, உழுத்தம்மா. வேறு என்ன இருக்கிறது? எங்கள் மேல்மாடியில் இருக்கும் பிருந்தா சென்னைப் பிள்ளை, அவள் மாவு என்றுதான் சொல்லுவாள். என் இடத்தில் அவள் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது.

ஜப்பான்காரரும் சோறு தின்கிற சனம்தானே, அரிசிமாவில் ஏதோ செய்து வைக்கப்போகிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். ஜப்பானில் மாவுக்கு மா என்றே பெயர் இருக்கிறதே என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாமான்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. முதலாம் அறையில் பழங்காலத்து மடிப்புத் தட்டி ஒன்று. தங்கத் தகட்டில் கொக்குகள் நின்றன. அதற்கு எதிர்ச்சுவரில் அதே கொக்குகளை வீடியோவில் விட்டிருந்தார்கள். கன நேரம் அசையாமல் நிற்கும், நீங்கள் அலுத்துப்போய்த் திரும்பும் நேரம் பார்த்து ஒன்று கண்ணைச் சிமிட்டும். இரண்டாம் அறையில் சுப்பர்மார்க்கெட் பிளாஸ்டிக் பைகளால் தைத்த கிமோனோ. அதற்குப் பக்கத்தில், கண்ணாடித் துணியால் கட்டிய தேநீர்க் குடில். அதற்குள் போகிறவர்கள் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். சப்பாத்தைக் கழற்று என்று வெள்ளைக்காரருக்குச் சொல்லும் அதிகாரம் எனக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் கிடைத்தது. அதை நான் விரும்பினேன்.

மூன்றாம் அறையில் அந்த மேடை மட்டும். கட்டில் அளவில், முழங்கால் உயரத்தில், கறுப்பு அரக்குப் பூசிப் பளபளவென்று. மேலே கூரையில் விளக்குப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

வியாழன் பின்னேரம் பிறவ் ஹாகன், அதாவது திருமதி ஹாகன், என்னைக் கூப்பிட்டு அறைகளைக் காட்டினார். கண்காட்சிக்குப் பொறுப்பானவர் அவர்தான். நல்ல மனிசி, ஆனால் எப்போதும் ஒரு காதில் போன். மூன்றாம் அறை வாசலில் நின்று போனைக் கையால் பொத்திக்கொண்டு சொன்னார்: "இது மா. இந்த அறையில் மா மட்டும்தான். யாரும் தொடக்கூடாது, துடைக்கக்கூடாது. துப்புரவு ஆட்களுக்கும் கட்டாயம் சொல்லுங்கள்."

எட்டிப் பார்த்தேன். மேடை முழுக்க மெல்லிய வெள்ளை மா. அரித்துத் தூவியது மாதிரி ஒரே சீராக இருந்தது. இத்தனை வருடத்தில் இந்தக் கூடத்துக்கு வந்த சாமான்களில் எனக்கு உடனே விளங்கியது அது ஒன்றுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே ராசனுக்குச் சொல்லிவிட்டேன்.

"இஞ்சேருங்கோ, மூண்டாம் அறையில மா கிடக்கு. அதைத் தொடவும் வேண்டாம், துடைக்கவும் வேண்டாம்."

"மாவோ?"

"மாதான். மேடையில போட்டுக் கிடக்கு. ஜப்பான்காரரின்ரை."

"அரிசிமாவோ?"

"அது எனக்குத் தெரியாது. வெள்ளை மா."

"ஓம்," என்றார்.

வெள்ளிக்கிழமை காலை நான் வந்தபோது மேடை வெறுமை.

குனிந்து பார்த்தேன். மேடைக்குக் கீழே பார்த்தேன். குப்பைவாளியைத் திறந்து பார்த்தேன். காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் என்று நாங்கள் நம்புகிற அந்தோனியாரிடம் ஒரு மெழுகுதிரி நேர்ந்தேன். நேர்ந்துகொண்டிருக்கும்போதே, காணாமல் போனது மா என்று சொன்னால் அவருக்கு விளங்குமா என்று ஒரு யோசனையும் வந்தது. பிறகு வீட்டுக்குப் போன் எடுத்தேன். ராசன் வேலையால் வந்து படுத்திருந்தார்.

"மூண்டாம் அறையில என்ன செய்தனீங்கள்?"

"நிலத்தைத் துடைச்சனான்."

"மேடையை?"

"தொடேல்லை."

"அப்ப மா எங்கை?"

"மாவைக் காணேல்லை. நீர் சொன்னபடியால் லைட்டைப் போட்டுக் குனிஞ்சும் பாத்தனான். நான் போகேக்கையே ஒண்டும் இருக்கேல்லை."

"ஒண்டும் இருக்கேல்லையோ? நேற்று என்ரை கண்ணால பாத்த மா. கால் முளைச்சு நடந்து போட்டுதோ?"

"எனக்கெப்பிடித் தெரியும்?"

"நித்திரைத் தூக்கத்தில துடைச்சுப்போட்டு மறந்திட்டியள். துடைச்சனீங்கள்தானே? உண்மையைச் சொல்லுங்கோ. துடைச்சனீங்கள்தானே?"

போனுக்குள் வீட்டு மணிக்கூட்டின் டிக் டிக் கேட்டது.

"ஓம்," என்றார். "துடைச்சிருப்பன்."

பார்த்தீர்களா, கொஞ்சம் நெருக்கிக் கேட்டால் உண்மை வந்துவிடுகிறது என்று எனக்கு ஒரு திருப்தி. அந்தத் திருப்தியை இப்போது நினைத்தால் வாய் கைக்கிறது.

மேற்கொண்டு என்ன செய்வது என்பதில் எனக்குக் குழப்பமே இருக்கவில்லை. குழப்பம் இல்லாமல் நான் செய்த கடைசிக் காரியம் அது. பிறவ் ஹாகனும் ஜப்பான் கலைஞரும் காலைத் தேநீருக்குப் பிறகுதான் வருவார்கள். மா போனால் மா. எங்கள் வீட்டிலும் மா இருக்கிறது.

"குசினியில மா இருக்குத்தானே? எடுத்துக்கொண்டு கெதியா வாங்கோ. அரிதட்டையும் கொண்டு வாங்கோ."

"எந்த மா?"

"வெள்ளை மா."

"வறுத்த அரிசிமா சிவப்பு. அவிச்ச கோதம்பமா இருக்கு. நேற்றுத்தான் அவிச்சு அரிச்சு வைச்சனான்."

"அதைக் கொண்டு வாங்கோ."

பழைய ஐஸ்கிறீம் பெட்டியில் மாவும், பிளாஸ்டிக் பைக்குள் அரிதட்டுமாக வந்து சேர்ந்தார். அந்த அவசரத்திலும் சவரம் செய்திருந்தார். சப்பாத்தைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அது தேநீர்க் குடிலுக்கு மட்டும்தான் என்று சொல்ல எனக்கு நேரமில்லை.

அவர்தான் அரித்தார். வீட்டோடு இருந்த காலத்தில் எங்கள் வீட்டு மா எல்லாம் அவர் கையால் அவிந்து அரிபட்டதுதான். அரிதட்டின் விளிம்பில் விரலால் மெதுவாகத் தட்டித் தட்டி, மூலையிலிருந்து மூலைக்குப் போனார். கறுப்புப் பலகை வெள்ளையாகிக்கொண்டு வந்தது. அறை முழுக்க அவித்த மாவின் வாசனை பரவியது. புட்டுக்குத் தேங்காய் துருவ வேண்டும் என்று என் கை தன்பாட்டில் நினைத்தது.

"இப்பிடியோ கிடந்தது?" என்று கேட்டார்.

"இப்பிடித்தான். நீங்கள் பாத்திருப்பியள்தானே."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடைசி மூலைக்கு வந்தபோது வாசலில் காலடிச் சத்தம். சொன்ன நேரத்துக்கு முன்னமே வந்துவிட்டார்கள். பிறவ் ஹாகன், அவருக்குப் பின்னால் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு சின்ன உருவம். தலைமயிர் முழுக்க நரைத்த பெண். அவர்தான் ஹயாமி, ஜப்பான் கலைஞர். அவர் முதலில் பார்த்தது வாசலில் கிடந்த ராசனின் சப்பாத்தை. பிறகுதான் மேடையை.

பிறவ் ஹாகன் காதிலிருந்து போனை எடுத்தார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது, விஷயம் பெரிது என்று.

"இது என்ன?"

"மா," என்றேன் நான்.

"இது மா இல்லை." அவருடைய முகம் சிவந்துகொண்டு வந்தது. ராசன் கையிலிருந்த அரிதட்டைப் பார்த்தார். "இதை நீங்களா செய்தீர்கள்?"

"யா," என்றார் ராசன்.

"தெரிந்துகொண்டே செய்தீர்களா?"

"யா."

ஓவியங்களின் மேல் சாப்பாட்டை வீசிவிட்டுப் போகிற ஆட்களைப் பற்றி அப்போதெல்லாம் அடிக்கடி செய்தி வரும். பிறவ் ஹாகனுக்கு அதுதான் ஓடியிருக்க வேண்டும். "எதிர்ப்பா? ஏதாவது அமைப்பைச் சேர்ந்தவரா நீங்கள்?"

"யா, யா," என்றார் ராசன், மரியாதைக்குத் தலையையும் ஆட்டினார்.

நான் குறுக்கே புகுந்தேன். "அவருக்கு விளங்கவில்லை. யார் எதைக் கேட்டாலும் அவர் யாதான் சொல்லுவார்."

அப்படிச் சொன்னபோது என் காதுக்குள் ஏதோ தட்டியது. என்ன என்று பிடிபடவில்லை. பிடித்துப் பார்க்க நேரமும் இல்லை. நடந்ததை எல்லாம் சொன்னேன். எங்கள் பாஷையில் மா என்றால் அரைத்த அரிசி, அரைத்த கோதுமை. நேற்று மேடையில் மா இருந்தது, இன்று இல்லை, அதனால் வீட்டு மாவைப் போட்டோம். பிறவ் ஹாகன் ஒரு பக்கம் என்னைக் கேட்டு, மறுபக்கம் ஹயாமிக்கு ஆங்கிலத்தில் சொன்னார். ஹயாமி ஜப்பான் பாஷையில் தனக்குத்தானே ஏதோ சொல்லிக்கொண்டார். மூன்று பாஷையிலும் எனக்குக் கேட்டது ஒரே சொல்: மா, மா, மா. யார் எந்த மாவைச் சொல்கிறார்கள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஹயாமி தன் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே பிடித்து என்னிடம் காட்டினார். "மா," என்றார்.

நான் கைகளைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, கைகளுக்கு நடுவே கண்ணைக் காட்டினார். அங்கே ஒன்றும் இல்லை.

"அதுதான்," என்றார் பிறவ் ஹாகன், களைத்துப்போன குரலில். "நடுவில் இருக்கிற வெளி. அந்த மேடையில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் இருப்பதுதான் படைப்பு. ஒருவர் கேள்வி கேட்டு, மற்றவர் பதில் சொல்லாமல் இருக்கிறாரே, அந்த நேரத்துக்கும் ஜப்பானில் மா என்றுதான் பெயர்."

பேசாமல் இருக்கிற நேரத்துக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இல்லை. அதைப் பார்க்க இவ்வளவு தூரம் விமானத்தில் யாரும் வரத் தேவையில்லை. ஆனால் ஒன்றுமில்லாததைத் தொடக்கூடாது என்று ஏன் சொன்னார்கள்? ஒன்றுமில்லாததை எப்படித் துடைப்பது?

"அப்படியென்றால் நேற்று நான் பார்த்த வெள்ளை?"

"ஜிப்ஸம் தூசு. கூரையில் ஓட்டை போட்டபோது கொட்டியது. அரக்கில் கீறல் விழக்கூடாது என்றுதான் யாரையும் தொட வேண்டாம் என்றேன். நேற்று மாலை வேலை முடிந்து போவதற்கு முன்பே விளக்குப் பூட்டியவர்கள் தனித் துணியால் எடுத்துவிட்டார்களே."

நேற்று மாலை. ராசன் வந்தது இன்று விடியற்காலை.

அவர் லைட்டைப் போட்டுக் குனிந்து பார்த்திருக்கிறார். ஒன்றும் இருக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னது அப்படியே உண்மை. பிறகு ஏன் 'ஓம்' என்றார்? நான் திரும்பி அவரைப் பார்த்தேன். டொச்சில் என்ன கதைத்தோம் என்று அவருக்குத் தெரியாது. அரிதட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, மேடையின் கடைசி மூலையில் மா சரியாக விழவில்லையே என்று பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறவ் ஹாகன் என்னிடம் கேட்டார்: "இந்த மனிதரை இந்த அறைகளுக்குள் விடலாமா? தொடாதே என்றால் தொடாமல் இருப்பாரா?"

"அவர் தொடவில்லை," என்றேன். "தொட வேண்டாம் என்று சொன்னார்கள், அவர் தொடவில்லை. தொட வைத்தது நான்." என் பெயர் அட்டையை ஏனோ கையால் பிடித்துக்கொண்டேன்.

ஹயாமி மாவை விரல் நுனியில் எடுத்து மணந்து பார்த்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. பிறகு தன் கருவிப் பெட்டியிலிருந்து மெல்லிய தூரிகை ஒன்றை எடுத்து மேடையின் ஓரத்தில் முழங்காலில் இருந்தார். நாங்கள் கிட்டப் போகக்கூடாது. கடதாசித் தட்டைப் பிடித்துக்கொண்டு ராசன் மட்டும் பக்கத்தில் நிற்கலாம் என்று கையால் காட்டினார். மா எல்லாம் போக மத்தியானம் தாண்டிவிட்டது. அரக்கில் ஒரு கீறலும் இல்லை. பிறவ் ஹாகன் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, "இது நடக்கவே இல்லை. சரியா?" என்றார். பத்திரிகைக்காரர் வரும் நாளில் அவருக்கும் வேறு வழி இல்லை. "அவர் திங்கட்கிழமை வரட்டும்."

நான் அந்தோனியாருக்கு மெழுகுதிரியை இரண்டாக்கினேன்.

திறப்பு விழாவுக்கு முன் ஒரு மணி நேரம் வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றலாம் என்று விட்டார்கள். ட்ராம் தரிப்பில் இருவரும் இருந்தோம். எங்கள் தலைக்குப் பின்னால் அதே சுவரொட்டி. ராசனின் மடியில் ஐஸ்கிறீம் பெட்டி. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று சொல்லிவிட்டு, அவர் ஒரு பகிடி விடுவார் என்று காத்திருந்தேன்.

"திங்கட்கிழமை நான் வரேல்லை," என்றார். "வேற ஆளைப் பாக்கச் சொல்லும்."

"ஏன்? அதுதான் வேலை இருக்கு எண்டு சொல்லிப்போட்டாவே."

"அதுக்கில்லை."

"பின்னை?"

அவர் வீதிக்கு அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். சோபாவில் இருக்கும்போது தொலைக்காட்சியைப் பார்ப்பாரே, அதே பார்வை.

"துடைக்காததை ஏன் துடைச்சனான் எண்டு சொன்னனீங்கள்?"

"நீர்தானே கேட்டனீர்."

"நான் கேட்டால்? இல்லையெண்டால் இல்லையெண்டு சொல்லுறதுதானே."

"முதல் இல்லையெண்டுதானே சொன்னனான்."

சொன்னவர்தான். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொன்னவர்.

"கேக்கிற ஆக்கள் முதலே முடிவெடுத்துப்போட்டுத்தான் கேக்கினம்," என்றார் ராசன். "பாண் பக்டரியில போர்மன் அப்பிடி. டொக்டரும் அப்பிடி. ஓமெண்டு சொன்னால் கெதியா விட்டிடுவினம். அவையள் வெளி ஆக்கள், பறவாயில்லை." பெட்டி மூடியின் நாலு மூலையையும் ஒவ்வொன்றாக அழுத்தினார். "நீரும் அப்பிடித்தான் கேட்டனீர்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கோபம் வந்தால் சுகமாக இருக்கும் என்று உள்ளே தேடிப் பார்த்தேன், வரவில்லை. அவர் 'ஓம்' மட்டும் சொல்கிறார் என்று ஊரெல்லாம் முறைப்பாடு சொல்லித் திரிந்தவள் நான். அந்த 'ஓம்' வரும்வரை விடாமல் கேட்டதும் நான்தானா? எல்லாத் தடவையுமா, இன்று மட்டுமா? டொக்டரிடம் போனீர்களா என்று கேட்டேனே, அப்போதும் முதலில் இல்லை என்று சொன்னாரா? ஞாபகம் இல்லை. நான் கேட்டது ஞாபகம் இருக்கிறது, அவர் சொன்னது ஞாபகம் இல்லை.

ட்ராம் வந்தது. கதவு திறந்தது. இருவருமே எழும்பவில்லை. கதவு மூடிக்கொண்டு போய்விட்டது.

"இஞ்சேருங்கோ," என்றேன். "மேடையைத் துடைச்சனீங்களோ?"

திரும்பி என்னைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த பிறகு இது என்ன கேள்வி என்று அவருக்கு இருந்திருக்கும். எனக்கும் ஏன் கேட்டேன் என்று சரியாகத் தெரியாது. ஆனால் கேட்டாயிற்று, திரும்ப எடுக்க ஏலாது.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. துடைக்கேல்லைத்தானே என்று என் வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். எனக்குத் தெரியும், சும்மா சொல்லுங்கோ என்று வந்தது. அதையும் விழுங்கினேன். வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரு சைக்கிள் போனது. ஒரு கிழவி நாயோடு போனாள். தூரத்தில் அடுத்த ட்ராமின் விளக்குத் தெரிந்தது. நான் பொறுத்துக்கொண்டு இருந்தேன்.

"இல்லை," என்றார் ராசன். "துடைக்கேல்லை."

"சரி," என்றேன்.

ட்ராமில் ஏறி, ஒரே இருக்கையில் நெருக்கிக்கொண்டு இருந்தோம். பெட்டியில் இன்னும் கொஞ்சம் மா மிச்சமிருந்தது, ட்ராம் திரும்பும் இடங்களில் அது உள்ளே மெல்ல அசைகிற சத்தம் கேட்டது. இரண்டு தரிப்பு கடந்திருக்கும்.

"திங்கள் விடிய எழும்ப, எலாம் மணிக்கூட்டை நாலு மணிக்கு வையும்," என்றார்.

"ஓம்," என்றேன்.